திருகோணமலையில் சிறு கணினிக் கூடம்: கணினியைக் கடைசியாக வாங்குங்கள்

எங்கள் சனசமூக நிலையத்துக்குப் பத்துக் கணினிகள் லொறியில் வந்து இறங்கிய அன்று ஊரே திரண்டு நின்றது. அந்தப் பத்தும் அதன்பிறகு நான்கு மாதம் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. மண்டபத்தில் இருந்தது இரண்டே இரண்டு பிளக் பொயின்ட். மின் இணைப்பு யாருடைய பெயரில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே மூன்று வாரம் போனது. அதற்குள் மாரி தொடங்கி, கூரை ஒழுகி, இரண்டு பெட்டிகள் நனைந்தன. ஒருவழியாகத் திறந்து பார்த்தபோது ஒரு கணினியின் மெமரிக் கார்டில் பொன்னிறமாக இருக்க வேண்டிய ஓரம் பச்சை பூத்திருந்தது. ஒரு வருட உத்தரவாதத்தில் மூன்றிலொரு பங்கு, ஒரு பிள்ளையும் கை வைக்காமலே கழிந்துவிட்டது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். சனசமூக நிலையத்திலோ, கோயில் மண்டபத்திலோ, மாதர் சங்கக் கட்டடத்திலோ, வாடகை அறையிலோ எட்டு முதல் பன்னிரண்டு கணினி வரை வைக்கப் போகிறவர்களுக்கு இது பொருந்தும். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: தாள்கள், அறை, மின்சாரம், மேசை, அதற்குப் பிறகுதான் கணினி.

1. பணம் சேர்க்கத் தொடங்கும் முன் தாள்களைச் சேருங்கள்

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் பணம் அனுப்பத் தயாராக இருப்பார்கள். யாருடைய கணக்குக்கு, எந்தத் தீர்மானத்தின்படி என்று அவர்கள் கேட்கும்போது நீங்கள் தயாராக இருக்க வேண்டும். ஒரு கோப்பில் இவை இருக்கட்டும்: நிலையத்தின் பதிவுச் சான்றிதழ், கணினிக் கூடம் அமைக்க முடிவெடுத்த கூட்ட அறிக்கையின் பிரதி, அமைப்பின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு விவரம் (இருவர் கையொப்பம் இட்டால்தான் பணம் எடுக்கலாம் என்ற ஏற்பாட்டுடன்), கட்டடம் உங்களுடையது இல்லை என்றால் உரிமையாளரின் எழுத்துமூல சம்மதம். அந்தச் சம்மதத்தில் எத்தனை வருடத்துக்கு என்பதும், சுவரில் துளையிட்டு வயரிங் செய்யலாம் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பிச் சுவரை உடைத்துவிட்டுப் பிறகு தகராறு பட்டவர்களைக் கண்டிருக்கிறேன்.

தனியாளாகக் கட்டணம் வாங்கி நடத்துவதென்றால் வியாபாரப் பெயர்ப் பதிவு வேண்டும். உங்கள் பகுதிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். நகரத்தவர்களுக்கு 'பட்டணமும் சூழலும்' என்ற பெயருள்ள பிரதேச செயலகம். வெளியே இருப்பவர்களுக்கு குச்சவெளி, தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் என்று அவரவர் செயலகம். அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகர் சான்று, காணி உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம் மூன்றையும் முதல் நாளே கொண்டு போனால் அலைச்சல் குறையும். தொழில் பயிற்சி என்று பாடநெறி நடத்திச் சான்றிதழ் கொடுக்க நினைத்தால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிய வேண்டும். அந்த எண்ணம் இருந்தால் அறை அளவு, தளபாடம், பயிற்றுநர் தகைமை பற்றி அவர்கள் எதிர்பார்ப்பதை முதலே கேட்டு வாங்கிவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள். கட்டி முடித்த அறையைப் பிறகு பெருப்பிக்க முடியாது.

2. அறையை மழையில் ஒருமுறை, வெயிலில் ஒருமுறை பாருங்கள்

பத்துக் கணினிக்கு 20 அடி நீளம், 16 அடி அகலம் போதும். சுவரோரமாக மேசை போட்டால் ஒரு நீளச் சுவரில் மூன்றடிக்கு ஒருவர் என்று ஆறு பேர் இருக்கலாம். பிள்ளைகள் சுவரைப் பார்த்து இருப்பார்கள். ஆசிரியர் நடுவில் நின்றால் எல்லாத் திரையும் தெரியும். வயர்களும் சுவரோடு போய்விடும், நடுவில் யாரும் இடறி விழ மாட்டார்கள். வகுப்பறை போல வரிசை வரிசையாகப் போட்டால் தரையில் வயர் ஓடும். அதைத் தவிருங்கள்.

நமது ஊரில் இரண்டு காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கச்சான் (தென்மேல் காற்று) அடிக்கும் மாதங்களில் செம்மண்ணும் தூசியும் யன்னல் வழியே வந்து கணினி விசிறியில் படியும். வாடை (வடகீழ் காற்று) தொடங்கி ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை பெய்யும்போது உப்பு ஈரம் உள்ளே வரும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையை ஒட்டிய கட்டடம் என்றால் கடலைப் பார்த்த யன்னல்களை நன்றாக மூடக்கூடியதாக மாற்றுங்கள். நான் முதலில் சொன்ன பச்சை, உப்பு ஈரம் செய்த வேலைதான். அழிறப்பரால் அந்த ஓரத்தை மெல்லத் தேய்த்துத் துணியால் துடைத்துப் போட்டபோது கணினி வேலை செய்தது. ஆனால் பாகங்கள் எல்லாம் பொருந்தியிருக்கும் மதர்போர்டிலேயே அரிப்புப் பிடித்தால் அழிறப்பர் உதவாது.

கூரையை மழை நாளில் போய்ப் பாருங்கள். பூசிய சுவரில் ஈரக்கோடு இருக்கிறதா, கதவு நிலையில் கறையான் இருக்கிறதா என்பதும் அன்று தெரியும். கதவுக்கு நல்ல பூட்டும் யன்னலுக்குக் கம்பியும் கட்டாயம்.

3. மின்சாரம்: நேரத்தையும் பணத்தையும் இங்கே போடுங்கள்

முதலில் கணக்கு. சிறிய மேசைக்கணினி ஒன்றும் அதன் மொனிட்டரும் சேர்ந்து சாதாரண வேலையில் 60, 70 வாட் எடுக்கும். உச்சத்துக்கு 120 என்று வையுங்கள். பத்துக்கு 1200 வாட். 18,000 பி.ரீ.யு. ஏ.சி. ஒன்று ஏறக்குறைய 1600 வாட். மின்விசிறி, விளக்கு எல்லாம் 300. மொத்தம் 3100 வாட், அதாவது 230 வோல்டில் பதின்மூன்றரை அம்பியர். 15 அம்பியர் இணைப்பு இருக்கும் பழைய கட்டடத்தில் இது விளிம்பில் நிற்கும், ஏ.சி. தொடங்கும் நொடியில் மெயின் விழலாம். 30 அம்பியர் இணைப்பு இருந்தால் கவலையில்லை. இணைப்பைக் கூட்ட வேண்டுமென்றால் உங்கள் பகுதி மின்சார அலுவலகத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும், ஆகவே இதை முதல் வாரமே செய்யுங்கள். கணக்கு இறந்துபோன ஒருவரின் பெயரிலோ பழைய தலைவரின் பெயரிலோ இருந்தால் பெயர் மாற்றமும் அதோடு சேரும். எங்களை மூன்று வாரம் அலைய வைத்தது அதுதான். கடைசிப் பில்லை எடுத்து இன்றே பெயரைப் பாருங்கள். கட்டண வகையையும் பாருங்கள்: வீட்டுப் பாவனை என்று இருக்கும் இணைப்பில் கட்டண வகுப்பு நடத்தினால் வகை மாற்ற வேண்டி வரும், அலகுக் கட்டணமும் மாறும்.

அடுத்தது வயரிங். கணினிகளுக்கென்று தனிச் சுற்று, அதுவும் இரண்டு: இந்தச் சுவர் ஐந்துக்கு ஒன்று, அந்தச் சுவர் ஐந்துக்கு ஒன்று. ஏ.சி.க்கு மூன்றாவது. ஒவ்வொரு இருக்கைக்கும் 13 அம்பியர் சதுரப் பின் பொயின்ட் இரண்டு. பழைய 5, 15 அம்பியர் வட்டப் பின் பொயின்ட் இருந்தால் கழற்றி மாற்றச் சொல்லுங்கள். அடப்டர் மேல் அடப்டர் குத்தி ஓடினால் அது தளர்ந்து சூடேறும். எங்கள் பழைய பொயின்ட் ஒன்றின் முகப்பு உருகி மஞ்சளாகிப் போயிருந்தது.

மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தை வெட்டும் ட்ரிப் சுவிட்ச் பற்றி ஒரு விசயம் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கணினியின் பவர் சப்ளை ஒவ்வொன்றும் மிகச் சிறிய மின்னோட்டத்தை நிலக்கம்பி வழியே கசிய விடும். அது பழுது இல்லை, அதன் அமைப்பே அப்படி. ஒன்றுக்கு ஒன்று, இரண்டு மில்லி அம்பியர்தான். ஆனால் பத்துக் கணினி, பத்து மொனிட்டர், யூபிஎஸ் (மின்சாரம் நின்றால் சில நிமிடம் தாங்கும் பற்றரிப் பெட்டி) எல்லாம் ஒரே ட்ரிப் சுவிட்சில் இருந்தால் கூட்டுத்தொகை அதன் 30 மில்லி அம்பியர் எல்லையை நெருங்கிவிடும். எட்டாவது கணினியைப் போடும்போது முழு அறையும் இருண்டுவிடும். வயரிங் செய்ய வந்த தம்பி, "அண்ணா, இந்த ட்ரிப்பைக் கழற்றிவிட்டால் பிரச்சினை முடிஞ்சுது" என்றார். அதற்கு மட்டும் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். பிள்ளைகள் வெறுங்காலோடு இருக்கும் அறை அது. இரண்டு சுற்றுக்கும் இரண்டு தனி ட்ரிப் சுவிட்ச் போட்டபின் எங்களுக்கு இன்றுவரை வீணாக விழவில்லை.

நிலக்கம்பியைப் பெயருக்கு அடித்துவிட்டுப் போக விடாதீர்கள். நமது மணல் தரை மே, ஜூன், ஜூலையில் மேலே நன்றாகக் காய்ந்து கிடக்கும், காய்ந்த மணல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. கம்பியை ஈரம் தட்டும் ஆழம் வரை இறக்க வேண்டும், தேவைப்பட்டால் இரண்டாவது கம்பியும் அடிக்க வேண்டும். மீட்டர் வைத்து அளந்து, அளவைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தரும் ஆளையே தேடுங்கள். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி வேலைக்கு ஆள் கிடைப்பது கடினம். மே முதல் ஓகஸ்ட் வரை செய்வது நல்லது.

இடி மின்னலுக்கு ஏப்ரலும், ஒக்டோபர் நவம்பரும் மோசமான காலம். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கை இழுத்து வெளியே எடுக்க வேண்டும். பழைய செம்புத் தொலைபேசி இணைப்பு இருந்தால் அந்த வயரையும் கழற்றுங்கள்.

4. மேசை

சிப்போர்ட் மேசை மலிவு. ஆனால் நமது ஈரத்தில் இரண்டு மாரிக்குள் ஓரம் ஊதிவிடும். ஒட்டுப்பலகை அல்லது இரும்புச் சட்டத்தில் பலகை போட்டதாகச் செய்வியுங்கள். உயரம் 72 முதல் 75 சென்ரிமீற்றர். பின்பக்கத்தில் வயர் போக நான்கு விரல் இடைவெளி விட்டு, கணினியைத் தரையில் வைக்காமல் ஒரு சாண் உயரத்தில் தட்டுப் போடச் சொல்லுங்கள். தண்ணீர் ஏறினாலும் கூட்டினாலும் அந்த ஒரு சாண் காப்பாற்றும்.

5. இப்போது கணினி

பத்தும் ஒரே வகையாக இருக்கட்டும். ஒன்றின் பாகம் மற்றதுக்குப் பொருந்தும், மென்பொருளையும் ஒருமுறை நிறுவிப் பிரதி எடுக்கலாம். பத்துத் தேவையென்றால் பதினொன்று வாங்குங்கள். பதினோராவது அலுமாரியில் இருக்கட்டும்.

புதியது வாங்கப் பணம் இல்லாவிட்டால், நிறுவனங்கள் பாவித்து விட்ட சிறிய மேசைக்கணினிகள் நல்ல தெரிவுதான். பெரிய பொறி இங்கேதான் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏற்கும். ஆகவே நான்காம், ஆறாம் தலைமுறைக் கணினிகள் சந்தையில் குவிந்து கிடக்கின்றன, விலையும் ஆசை காட்டும். "ஐ5, நல்ல மெஷின்" என்று மட்டும் சொன்னால் நம்ப வேண்டாம். முழு இலக்கத்தையும் கேளுங்கள். ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை, ஐ5-6500 என்றால் ஆறு, ஐ5-10500 என்றால் பத்து. விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ்தான் போடப் போகிறோம் என்று உறுதியாக இருந்தால் ஆறாம் தலைமுறையும் பல வருடம் உழைக்கும். 8 ஜிபி மெமரி, 256 ஜிபி எஸ்எஸ்டி போதும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் வேண்டாம்.

மூன்று கடையில் எழுத்தில் விலைக்கோரல் வாங்குங்கள். ஒன்றாவது உள்ளூர்க் கடையாக இருக்கட்டும். கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் தெரிவு அதிகம், ஆனால் பழுதானால் ஒவ்வொரு முறையும் 250 கிலோமீற்றருக்கு மேல் கொண்டு போய்வர வேண்டும். அந்தச் செலவை விலையோடு கூட்டிப் பார்த்தால் சில நேரம் ஊர்க்கடையே மலிவு. விலைக்கோரலில் பெறுமதி சேர் வரி சேர்ந்ததா என்று பாருங்கள். இப்போது அது 18 வீதம். ஆறு லட்சம் என்று பேசி முடித்தது பில்லில் ஏழு லட்சத்து எட்டாயிரமாக வரும். கொடையாளிக்கு முதல் தொகையைச் சொல்லிவிட்டால் ஒரு லட்சத்து எட்டாயிரத்துக்கு மறுபடி கை நீட்ட வேண்டும்.

வாங்கும்போது ஒவ்வொன்றையும் கடையிலேயே இருபது நிமிடம் ஓடவிடுங்கள். எல்லா யூஎஸ்பி வாயிலிலும் பென் டிரைவைக் குத்திப் பாருங்கள். தொடர் இலக்கத்தைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள், "10 கணினி" என்று மட்டும் எழுதிய பில்லை வைத்து உத்தரவாதம் கேட்பது கடினம். நிலையத்துக்கு வந்ததும் அதே இலக்கங்களைப் பொருட்பதிவேட்டில் ஏற்றி இருவர் கையொப்பம் இடுங்கள்.

கனடாவிலிருந்து யாராவது பழைய கணினி அனுப்புகிறேன் என்றால் பவர் சப்ளையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சிலவற்றில் சிறிய சிவப்புச் சுவிட்ச் ஒன்று 115 என்ற பக்கத்தில் இருக்கும். எங்களுக்கு வந்த ஒன்றில் அதை யாரும் கவனிக்கவில்லை. பிளக்கைக் குத்தியதும் 'டப்' என்று ஒரு சத்தம், அறை முழுக்கக் கருகல் மணம். முன்னால் நின்ற பிள்ளை பயந்து கதவுவரை ஓடிவிட்டாள். சுவிட்சை 230க்குத் தள்ளியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கப்பலில் பொதி அனுப்புவதென்றால் சுங்கத்தில் அனுமதி, வரி பற்றி எழுத்தில் பதில் வாங்கிய பிறகே ஏற்றச் சொல்லுங்கள்.

6. யூபிஎஸ்

650 விஏ யூபிஎஸ் ஒன்று இரண்டு சிறிய மேசைக்கணினிகளைச் சில நிமிடம் தாங்கும். வேலையைச் சேமித்து அணைக்க அது போதும். அதனால் பத்துக்கு ஐந்து வாங்கினோம். உள்ளே இருக்கும் ஈயப் பற்றரி இரண்டு, மூன்று வருடத்தில் சாகும், மாற்றுச் செலவை முதலே ஒதுக்குங்கள். வாங்கும்போது தயாரிப்புத் திகதியைப் பாருங்கள். சார்ஜ் ஏற்றாமல் ஒரு வருடம் கடையில் கிடந்த பற்றரி பாதி செத்தே வரும். லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் கொடுக்கவே கூடாது, சூடேறும்போது அது இழுக்கும் மின்சாரத்தை யூபிஎஸ் தாங்காது.

7. வலையமைப்பும் இணையமும்

வைஃபை மட்டும் போதும் என்று பலர் சொல்வார்கள். பத்துப் பேர் ஒரே நேரத்தில் திறந்தால் திணறும். கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் 16 வாயில் வலையமைப்புச் சுவிட்ச் ஒன்று, கேட் 6 கேபிள், கேபிளை மூடிப் போகப் பிளாஸ்டிக் கேசிங். எலி வெறும் கேபிளை ஒரு வாரம் விட்டுவைக்காது. மின் வயரும் இதுவும் ஒரே கேசிங்கில் போகக்கூடாது. கேபிளுக்குத் தலை (முனைப் பிளக்) அடிக்கும்போது இரண்டு முனையிலும் ஒரே நிற வரிசை: செம்மஞ்சள் வெள்ளை, செம்மஞ்சள், பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, கபில வெள்ளை, கபிலம். எட்டில் நான்கு கம்பி மட்டும் சரியாகப் பட்டாலும் இணைப்பு வரும், ஆனால் வேகம் பத்திலொன்றாகிவிடும். அதனால் வெளிச்சம் எரிகிறது என்று விட்டுவிடாமல் கேபிள் டெஸ்டரால் பாருங்கள்.

இணைய இணைப்பை நிலையத்தின் பெயரிலேயே எடுங்கள். பதிவுச் சான்றிதழும், கடிதத்தலைப்பில் கோரிக்கையும், மின் பில்லும் கேட்பார்கள். அவசரத்துக்குச் செயலாளரின் சொந்தப் பெயரில் எடுத்தால், அவர் விலகும் அன்று இணைப்பும் போகும். டேட்டா அளவுள்ள பொதி என்றால் முதல் நாளே பத்துக் கணினியும் விண்டோஸ் அப்டேட் இறக்கி மாதப் பங்கை முடித்துவிடும். ஒரு கணினி இறக்கியதை மற்றவை உள்ளூர் வலையமைப்பிலேயே வாங்கிக்கொள்ளும் அமைப்பு விண்டோஸில் இருக்கிறது, அதை இயக்கி வையுங்கள்.

8. மென்பொருள்

பாவித்த நிறுவனக் கணினிகளில் விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் கணினிக்குள்ளேயே பதிந்திருக்கும். செட்டிங்ஸில் அக்டிவேஷன் என்ற இடத்தைக் கடையிலேயே பாருங்கள். திருட்டுப் பிரதி போட்டுத் தந்தால் ஏற்காதீர்கள். வைரஸ் அதோடுதான் வரும். கடிதம், கணக்கு வேலைக்கு லிப்ரே ஆபிஸ், சிறுவர் நிரல் பழக ஸ்கிராட்ச், உயர்தரப் பிள்ளைகளுக்குப் பைதன் நிரல்மொழி எல்லாம் இலவசம். ஒரு கணினியைச் சரியாக அமைத்து, குளோன்சில்லா என்ற பிரதியெடுக்கும் மென்பொருளால் மற்ற ஒன்பதுக்கும் பிரதி எடுத்தால் ஒரு வாரத்து வேலை ஒரு நாளில் முடியும். பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு, நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் இரண்டு பேரிடம் மட்டும்.

தமிழ்த் தட்டச்சை முதலே முடிவு செய்யுங்கள். அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவைக் கேட்பார்கள், அலுவலக வேலைக்கு எல்லாக் கணினியிலும் தெரியும் யூனிகோட் எழுத்து வேண்டும். பாமினி பழகிய கைக்கு ரெங்கநாதன் விசைப்பலகை சுலபமாக வரும், அதில் யூனிகோடும் கிடைக்கும். நாங்கள் அதையே போட்டோம்.

9. பணத்தை எப்படிப் பிரிப்பது

விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் எங்கள் செலவை நூறு ரூபாவாக்கிச் சொல்கிறேன். மொனிட்டரோடு கணினிகளுக்கு 48, வயரிங்கும் இணைப்பு வேலையும் 14, மேசை கதிரை 13, யூபிஎஸ் 9, கதவு, கம்பி, கூரைத் திருத்தம் 6, வலையமைப்பு 5, போக்குவரத்து 2, மீதி 3 சில்லறை. கணினிக்குப் பாதிதான் போகிறது. முழுப் பணத்துக்கும் கணினி வாங்கினால் அவை பெட்டியில்தான் இருக்கும்.

மாதச் செலவு இதில் சேரவில்லை. நாளுக்கு நாலு மணித்தியாலம், மாதம் 25 நாள் என்றால் பத்துக் கணினிக்கு ஏறக்குறைய 70 அலகு போகும். ஏ.சி. மட்டும் 150 அலகைத் தாண்டலாம். நாங்கள் ஏ.சி.யைக் கைவிட்டு மின்விசிறியும் தூசி வலையும் போட்டு, மாதம் ஒருமுறை ஊதுகருவியால் துப்புரவு செய்கிறோம். மின்சாரம், இணையம், பொறுப்பாளருக்கான கொடுப்பனவு மூன்றுக்கும் பன்னிரண்டு மாதப் பணத்தைத் தனியாக வைப்பிலிட்ட பிறகே திறப்பு விழாவுக்குத் திகதி குறியுங்கள்.

10. ஒத்திகை

திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் முன்னர் பத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு பின்னேரம் முழுவதும் எல்லாக் கணினியையும் ஓடவிடுங்கள். விளக்கு, விசிறி, பிரிண்டர் எல்லாம் போடப்பட்டிருக்க வேண்டும். இடையில் மெயினை அணைத்து யூபிஎஸ் ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் நிற்கிறது என்று குறியுங்கள். பொயின்ட்களைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் அன்றே கழற்றிப் பார்க்க வேண்டும். வயரிங் செய்தவருக்கும் கணினி தந்த கடைக்கும் பத்திலொரு பங்கு பணத்தை இந்த ஒத்திகை முடியும்வரை கொடுக்காமல் வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் ஒத்திகையில் நான்காவது இருக்கையின் பொயின்ட் சூடேறியது. வயரிங் செய்த தம்பி அடுத்த நாள் காலை எட்டு மணிக்கே வந்து மாற்றிக் கொடுத்துவிட்டு, மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்.